வரைபடத்திலிருந்து மறைந்த மத்திய பம்பாய்: வாக்கு நம்முடையது, கணக்கு யாருடையது?

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு மீண்டும் நாடெங்கும் எழுந்துள்ளது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்களின் எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்தி வைத்தது. 84ஆவது திருத்தம் அந்நிலையை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அக்காலவரம்பு நெருங்கிவிட்டதால், எந்த மாநிலத்திற்கு எத்தனை இடங்கள் என்பதே முதன்மைக் கேள்வியாகிவிட்டது. மாநில உரிமை என்ற நோக்கில் அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆயினும், மாநிலத்திற்குள் கோடு எங்கே வரையப்படுகிறது, எந்த விதியின்படி வாக்கு எண்ணப்படுகிறது, அதன் விளைவாக யார் யாருக்குக் கட்டுப்பட்ட உறுப்பினராகிறார் என்ற கேள்விகளை நம்மைத் தவிர வேறு எவரும் எழுப்பப் போவதில்லை.

இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் படிக்க வேண்டிய ஒரு தொகுதி உண்டு. அது இன்றைய வரைபடத்தில் இல்லை. 1952இல் அது வடக்கு பம்பாய் நகரம். 1957இல் மத்திய பம்பாய் நகரம். 1967 முதல் 1976 வரை மத்திய பம்பாய். ஒவ்வொரு முறையும் எல்லைகள் மாறின. எனினும் பரேல், வொர்லி, தாதர் என விரிந்த பஞ்சாலைப் பகுதியே அவற்றின் உயிர்நாடியாக இருந்தது. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆலை வேலைக்கு வந்த தலித் மக்கள் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. புரட்சியாளர் அம்பேத்கர் வாழ்ந்ததும், தோற்கடிக்கப்பட்டதும் இங்கேதான்.

1937: குவிக்க முடிந்த வாக்கு

பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்து, பொது வாக்காளர்களால் நிரப்பப்படும் ஒதுக்கீட்டு இடங்களைத் தந்தது. அந்த ஏற்பாட்டின் கீழ் நடந்த முதல் மாகாணத் தேர்தலில், 1937இல், அம்பேத்கர் தம் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பைக்குலா, பரேல் பகுதிகளை உள்ளடக்கிய தொகுதியில் போட்டியிட்டார். காங்கிரஸ் அவருக்கு எதிராகப் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவை நிறுத்தியது. அவரும் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்தவரே. அம்பேத்கர் வென்றார்.

அவ்வெற்றியில் மக்களின் பற்றுக்கு இருந்த பங்கைப் போலவே ஒரு விதிக்கும் பங்கு இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகளில், வாக்காளர் தமக்குள்ள எல்லா வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்து அளிக்கும் முறை அப்போது பம்பாய் மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது. எண்ணிக்கையில் குறைந்த ஒரு மக்கள் கூட்டம் ஒன்றுபட்டு நின்றால், பெரும்பான்மையின் தயவின்றித் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள அம்முறை வழி தந்தது. பூனா ஒப்பந்தம் பறித்ததில் ஒரு சிறு பகுதியையேனும் அது மீட்டுக் கொடுத்தது.

1952: குவிக்க முடியாத வாக்கு

விடுதலைக்குப் பின் இவ்விதி மாறியது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகளை வாக்காளருக்கு அளித்தது; ஆனால் ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குக்கு மேல் அளிக்கக் கூடாது என்று வரையறுத்தது. முதல் பொதுத் தேர்தலில் 86 மக்களவைத் தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. வடக்கு பம்பாய் நகரம் அவற்றுள் ஒன்று. ஓர் இடம் பொது. மற்றொன்று பட்டியல் சாதியினருக்குரியது.

1951 செப்டம்பரில் நேரு அமைச்சரவையிலிருந்து விலகிய அம்பேத்கர், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளராக இங்கு நின்றார். சோசலிஸ்ட் கட்சியுடன் உடன்பாடு ஏற்பட்டது. பொது இடத்திற்கு அக்கட்சியின் அசோக் மேத்தா. ஒதுக்கீட்டு இடத்திற்கு அம்பேத்கர். இரு தரப்பு வாக்காளர்களும் தம் இரு வாக்குகளை இவ்விருவருக்கும் அளிக்க வேண்டும் என்பதே உடன்பாட்டின் சாரம். காங்கிரஸ் பொது இடத்திற்கு வித்தல் பாலகிருஷ்ண காந்தியையும், ஒதுக்கீட்டு இடத்திற்குத் தோல் தொழில் சமூகத்தைச் சேர்ந்த நாராயண் சதோபா காஜ்ரோல்கரையும் நிறுத்தியது. கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் எஸ். ஏ. டாங்கே நின்றார்.

முடிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். காந்தி பெற்ற வாக்குகள் 1,49,138. மேத்தா 1,39,741. காஜ்ரோல்கர் 1,38,137. அம்பேத்கர் 1,23,576. டாங்கே 96,755. காஜ்ரோல்கரிடம் அம்பேத்கர் 14,561 வாக்குகளில் தோற்றார்.

வரலாற்று நூல்கள் பொதுவாக இந்த 14,561ஐக் கூறி நிறுத்திக்கொள்கின்றன. நாம் மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மேத்தாவுக்கும் அம்பேத்கருக்கும் இடையிலான இடைவெளி 16,165. உடன்பாட்டில் இணைந்து நின்ற இருவரும் சமமான வாக்குகளைப் பெற்றிருந்தால், அதாவது மேத்தா பெற்ற அதே எண்ணிக்கை அம்பேத்கருக்கும் கிடைத்திருந்தால், அவர் 1,604 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருப்பார். காங்கிரஸின் பக்கத்திலும் இதே சரிவு தென்படுகிறது. காந்தியைவிடக் காஜ்ரோல்கர் 11,001 வாக்குகள் குறைவாகவே பெற்றார். ஆளும் கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், பொது இடத்து வேட்பாளருக்கு விழுந்த வாக்கு முழுமையாகத் தலித் வேட்பாளரிடம் வந்து சேரவில்லை. வாக்கு இரகசியமானது, யார் யாருக்கு அளித்தார் என்று தனித்தனியே பிரித்துக் காட்ட இயலாது. எனினும் சரிவின் திசை இரு அணிகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. அத்திசையின் பெயர் சாதி.

இத்துடன் மற்றொரு காரணமும் சேர்ந்தது. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வாக்குச் சீட்டுகளையும் ஒரே பெட்டியில் இட்டால் ஒன்று செல்லாததாகிவிடும். இரண்டாவது வாக்கை அம்பேத்கருக்கு அளிக்காமல் வீணாக்குமாறு டாங்கேயின் தரப்பு வாக்காளர்களைத் தூண்டியது என்பது அம்பேத்கரின் குற்றச்சாட்டு. அவரும் அசோக் மேத்தாவும் இணைந்து தேர்தல் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பாயம் அதனை ஏற்கவில்லை. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர், அச்சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலில் தம் சொந்த நகரத்தில் தோற்று, பம்பாய்ச் சட்டமன்றத்தின் வழியே மாநிலங்களவைக்குச் செல்ல நேர்ந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பண்டாரா இடைத்தேர்தல் இதே பாடத்தை இன்னும் தெளிவாக எழுதிக் காட்டியது. அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதி. அங்கும் மேத்தா பொது இடத்திற்கும் அம்பேத்கர் ஒதுக்கீட்டு இடத்திற்கும் நின்றனர். மேத்தா வென்றார்; அம்பேத்கர் தோற்றார். தம் ஆதரவாளர்கள் இரண்டாவது வாக்கை வீணாக்கினால் தமக்கு வாய்ப்புக் கூடும் என்ற யோசனையை அம்பேத்கர் மறுத்துவிட்டதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தலித் மக்களின் வாக்கு கூட்டணித் தோழருக்குப் போய்ச் சேர்ந்தது. தோழரின் வாக்கு திரும்பி வரவில்லை.

1957: இயக்கம் சுமந்த வாக்கு

அப்படியானால் 1957இல் மட்டும் இது எவ்வாறு மாறியது? அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த சில மாதங்களிலேயே வந்த தேர்தல் அது. மத்திய பம்பாய் நகரம் என்ற இரட்டை உறுப்பினர் தொகுதியில் பொது இடத்திற்கு டாங்கேயும், ஒதுக்கீட்டு இடத்திற்குப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கோபால் கலுஜி மானேயும் வென்றனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற இரு தரப்பும் இப்போது ஒரே அணியில் நின்றன.

இடையில் நிகழ்ந்தது சம்யுக்த மகாராஷ்டிர இயக்கம். பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராத்தி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கைக்காக எதிர்க்கட்சிகள் ஒரு சமிதியாகத் திரண்டன. கூட்டமைப்பும் அதில் இணைந்தது. நாசிக்கில் தாதாசாகேப் கெய்க்வாட்டும், கோபர்காவில் பி. சி. காம்ப்ளேயும் அந்த அலையிலேயே மக்களவைக்குச் சென்றனர். மொழிவழி மாநிலம் என்ற பொது நோக்கத்தின் வெப்பத்தில் சாதியின் உறைபனி ஒரு தேர்தலுக்கு மட்டும் உருகியது என்றே இதனை நாம் மதிப்பிடுகிறோம். நோக்கம் நிறைவேறி 1960இல் மகாராஷ்டிரம் பிறந்தது. அடுத்த தேர்தலில், 1962இல், மானே இல்லை. காஜ்ரோல்கர் காங்கிரஸின் சார்பில் மீண்டும் மக்களவைக்குச் சென்றார். கூட்டமைப்பு 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சியாக மலர்ந்தபோது அதன் முதல் தலைவரானவர் சென்னையின் முன்னாள் மேயர் ந. சிவராஜ். அக்கட்சி இந்த ஆலைப் பகுதியில் அதன்பின் எந்த இடத்தையும் தொடர்ச்சியாக இருமுறை தக்கவைத்துக்கொண்டதில்லை.

இரட்டை உறுப்பினர் முறை ஏன் மடிந்தது?

1961இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் அனைத்தையும் இரண்டாகப் பிளந்தது. நிர்வாகச் சிக்கல், செலவு, தொகுதிகளின் பரப்பு எனக் காரணங்கள் கூறப்பட்டன. அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் அதற்குச் சற்று முன் நடந்த ஒரு நிகழ்வை மறந்துவிட்டு இச்சட்டத்தைப் படிக்க இயலாது.

1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி தோற்றார். அங்கு ஓர் இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பழங்குடி வேட்பாளர் இருவரும் கிரியைவிட அதிக வாக்குகள் பெற்றதால், ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தையும் மற்றவர் பொது இடத்தையும் வென்றனர். கிரி வழக்குத் தொடுத்தார். பொது இடம் என்பது எல்லோருக்கும் உரியது. ஒதுக்கீட்டுக்குரிய சமூகத்தவர் அதிலிருந்து விலக்கப்பட்டவர் அல்லர் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடம் என்றால் நமக்கு மட்டுமே உரிய இடம் என்று எண்ணியிருந்த கட்சித் தலைமைகளை இத்தீர்ப்பு அதிரவைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இரண்டு ஆண்டுகளில் அம்முறையே நீக்கப்பட்டது. அதன்பின் தனித் தொகுதி வேறு, பொதுத் தொகுதி வேறு என்று ஆனது. பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்துவது கட்சிகளின் தாராள மனத்தைப் பொறுத்த காரியமாயிற்று.

பௌத்தமும் தனித் தொகுதியும்

பம்பாயில் இத்துடன் மேலும் ஒரு பூட்டு விழுந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தொடங்கிய மதமாற்றத்திற்குப் பின் பல இலட்சம் பேர் பௌத்தம் தழுவினர். ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துக்களும் சீக்கியர்களும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர். மகாராஷ்டிரத்தின் தனித் தொகுதியொன்றில் வென்ற டி. பி. மேஷ்ராம் பௌத்தர் என்பதால் அவர் அங்குப் போட்டியிடத் தகுதியற்றவர் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாணை பௌத்தர்களையும் உள்ளடக்கும்படி 1990இல்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அம்பேத்கரின் வழியைப் பின்பற்றியவர்களுக்கே அம்பேத்கர் போராடிப் பெற்ற ஒதுக்கீட்டு இடங்களின் கதவு அடைக்கப்பட்டிருந்தது.

அவர்களுக்கு எஞ்சியது பொதுத் தொகுதி. அங்கு வெல்லப் பெரிய கட்சியின் துணை வேண்டும். இந்த நெருக்கடியின் பின்னணியிலேயே ஆர். டி. பண்டாரேயின் பயணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். குடியரசுக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக இருந்த அவர் காங்கிரஸில் சேர்ந்து, 1967இலும் 1971இலும் மத்திய பம்பாய் என்ற பொதுத் தொகுதியில் வென்றார். அவருடைய வெற்றியைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் தனித்து நின்றால் தோல்வி, இணைந்து நின்றால் வெற்றியும் கட்டுப்பாடும் என்ற இரண்டே வழிகளை மட்டும் விட்டுவைத்த அமைப்பை அச்சொல் கேள்வி கேட்பதில்லை. 1973இல் பண்டாரே பீகார் ஆளுநராக்கப்பட்டார். தொகுதி காலியாயிற்று.

1974: அளிக்க மறுத்த வாக்கு

அந்த இடைத்தேர்தல் 1974 ஜனவரியில் வந்தது. இதற்கிடையே, 1972இல், தலித் சிறுத்தைகள் இயக்கம் பம்பாயில் தோன்றியிருந்தது. தமிழ்நாட்டின் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு நாடெங்கும் நிலவிய தீண்டாமைக் கொடுமைகளை ஆராய்ந்து அளித்த அறிக்கை, அவ்விளைஞர்களின் சினத்தைத் தூண்டிய ஆவணங்களுள் ஒன்று. வன்கொடுமைகள் மீது நடவடிக்கை எடுக்காத ஆட்சிக்கும், பிளவுபட்டுப் பெரிய கட்சிகளை அண்டி நின்ற குடியரசுக் கட்சித் தலைமைகளுக்கும் எதிராக, இடைத்தேர்தலைப் புறக்கணிக்குமாறு சிறுத்தைகள் அழைப்பு விடுத்தனர். காங்கிரஸின் வேட்பாளர் ராம்ராவ் ஆதிக். அவருக்குச் சிவசேனா ஆதரவளித்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளர் டாங்கேயின் மகள் ரோசா தேஷ்பாண்டே.

ஜனவரி 5 அன்று வொர்லியின் பி.டி.டி. குடியிருப்புகளில் சிறுத்தைகளின் பொதுக்கூட்டம் நடந்தது. ராஜா தாலேயும் நாம்தேவ் தசாலும் பேச வந்திருந்தனர். கூட்டத்தின் மீது கற்கள் வீசப்பட்டன. காவல்துறையின் தடி கூட்டத்தினர் மீதே பாய்ந்தது. அதன்பின் வாரக்கணக்கில் வொர்லி, நாய்காவ் பகுதிகளில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. ஜனவரி 10 அன்று நடந்த கண்டன ஊர்வலத்தில் பகவத் ஜாதவ் என்ற இளைஞர், மாடியிலிருந்து வீசப்பட்ட அம்மிக்கல் தாக்கி உயிரிழந்தார். அரசு நீதிபதி பாஸ்மே தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது.

தேர்தலில் ஆதிக் தோற்றார். ரோசா தேஷ்பாண்டே வென்றார். இரண்டாவது வாக்கை வீணாக்கச் சொன்னதாக 1952இல் டாங்கே மீது அம்பேத்கர் குற்றம் சாட்டிய அதே ஆலைப் பகுதியில், 1974இல் தலித் இளைஞர்கள் தாமே வாக்கை அளிக்க மறுத்தபோது, டாங்கேயின் மகள் நாடாளுமன்றம் சென்றார். இதனை விதியின் விளையாட்டு என்று நாம் கருதவில்லை. தலித் வாக்கு ஒருவரைத் தோற்கடிக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. தன்னுடைய ஒருவரை வெற்றிபெறச் செய்யும் ஆற்றலை மட்டும் அதற்கு அத்தொகுதி தரவில்லை. அதற்கும் அம்மக்கள் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

தொகுதி மறைந்தது, கேள்வி மறையவில்லை

1977 தேர்தலுக்கு முன் நடந்த மறுவரையறையில் மத்திய பம்பாய் மறைந்தது. ஆலைப் பகுதி தென் மத்தி, வட மத்தி ஆகிய புதிய தொகுதிகளுக்கிடையே பிரிந்தது. அதன்பின் வந்த வெற்றிகளும் பழைய பாதையிலேயே சென்றன. 1977இல் ஜனதா அலையில் பி. சி. காம்ப்ளே தென் மத்தியில் வென்றார். 1998இல் காங்கிரஸுடனான கூட்டணியில் ராம்தாஸ் அதாவலே வட மத்தியில் வென்றார். அதே ஆண்டில் பிரகாஷ் அம்பேத்கர் அகோலாவிலும், ரா. சு. கவாய் அமராவதியிலும், ஜோகேந்திர கவாடே சிமூரிலும் வென்றனர். நான்கும் பொதுத் தொகுதிகள். குடியரசுக் கட்சியினர் ஒன்றுபட்டு நின்று, கூட்டணியின் வாக்கும் வந்து சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. அடுத்த ஆண்டே ஒற்றுமை சிதறியது. அதாவலே பந்தர்பூர் தனித் தொகுதிக்குச் சென்றார். 2004இல் வட மத்தியில் மக்களவைத் தலைவராக இருந்த மனோகர் ஜோஷியைக் காங்கிரஸின் ஏக்நாத் கெய்க்வாட் தோற்கடித்தார். 2024இல் அவருடைய மகள் வர்ஷா கெய்க்வாட் அதே பெயருடைய தொகுதியில் வென்றார். இவை மதிக்கத்தக்க வெற்றிகள். ஆனால் இவை ஒரு பெரிய கட்சிக்குள் நின்று பெற்றவை. தற்சார்பான தலித் அரசியலுக்குக் கிடைத்தவை அல்ல.

மும்பையின் ஆறு மக்களவைத் தொகுதிகளில் ஒன்றுகூட இன்று தனித் தொகுதி அன்று. சென்னையின் மூன்று தொகுதிகளும் அவ்வாறே. பட்டியல் சாதியினருக்குரிய தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும் என்றும், இயன்றவரை அம்மக்களின் விகிதம் அதிகமுள்ள இடங்களில் அமைய வேண்டும் என்றும் மறுவரையறைச் சட்டம் கூறுகிறது. நகரங்களில் அந்த விகிதமே நிலையானதன்று. மறுமேம்பாட்டின் பெயரால் தாராவியில் 'தகுதியற்றோர்' என வகைப்படுத்தப்படும் குடும்பங்கள் நகரின் வேறு மூலைகளுக்கு அனுப்பப்படவுள்ளன. அவர்களுள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தலித் குடும்பங்களும் உண்டு. சென்னையின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டோர் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டுள்ளனர். வீட்டை இடிக்கும் இயந்திரம் வாக்காளர் பட்டியலையும் இடிக்கிறது. இடம்பெயர்த்தபின் எடுக்கும் கணக்கெடுப்பும், அக்கணக்கெடுப்பின் மீது வரையும் கோடும், ஒரு சமூகத்தின் செறிவை ஓசையின்றிக் கரைத்துவிட வல்லவை.

எனவே வரவிருக்கும் மறுவரையறையில் நாம் வலியுறுத்த வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, பெருநகரங்களில் தலித் மக்கள் செறிந்து வாழும் பகுதிகள் பல தொகுதிகளுக்குள் துண்டாடப்படக் கூடாது. வரைவு எல்லைகள் வெளிவரும்போதே வார்டு வாரியாக அவற்றைச் சரிபார்த்து ஆட்சேபம் தெரிவிக்க நம் அமைப்புகள் ஆயத்தமாக வேண்டும். இரண்டாவதாக, பொதுத் தொகுதி என்பது எல்லோருக்கும் உரியது என்ற 1959ஆம் ஆண்டின் தீர்ப்பைக் கட்சிகளுக்கு நினைவூட்டி, பொதுத் தொகுதிகளில் தலித் வேட்பாளர்களை நிறுத்துமாறு கோர வேண்டும். மூன்றாவதாக, கூட்டணி பேசும்போது இடங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், தோழமைக் கட்சியின் வாக்கு நம் வேட்பாளருக்கு உண்மையில் வந்து சேர்கிறதா என்பதைச் சாவடி வாரியாகக் கணக்கிட்டு, அடுத்த பேச்சுவார்த்தையின் மேசையில் வைக்க வேண்டும்.

1952இல் இரு தோழர்களுக்கு இடையே நின்ற 16,165 வாக்குகளின் இடைவெளியை எந்த உடன்படிக்கையும் நிரப்பவில்லை. மத்திய பம்பாய் என்ற பெயர் வரைபடத்தில் இனி வரப்போவதில்லை. அந்த இடைவெளி மட்டும், நாம் கணக்குக் கேட்காத ஒவ்வொரு தொகுதியிலும் வேறு வேறு எண்களில் இன்றும் இருக்கிறது.